டன்வரிக் கோட்டைக்கு முதல் டிக்கெட்

ஏப்ரல் முதல் தேதி காலையில் டன்வரிக் கோட்டையைக் காணவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை கடலுக்குள் தன் பாறைமேல் ஒழுங்காக நின்றுகொண்டிருந்ததுதான். விடியும்போது கடலிலிருந்து எழுந்து வந்த மூடுபனி அதை விழுங்கி, படகுத்துறையைப் பாதி விழுங்கி, டிக்கெட் கூண்டின் ஜன்னலில் மூக்கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. உள்ளே லாக்லன் டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கோட்டையை மறுபடி திறக்கிற நாள் அது. வருகிறவர்களுக்கு லாக்லன் டிக்கெட் கொடுக்க வேண்டும். பிறகு கூண்டைச் சாத்திவிட்டு, படகை அவிழ்த்து, அவர்களைப் பாறைக்கு ஏற்றிப்போக வேண்டும். கோட்டையை நடத்துகிற அறக்கட்டளைக்கு ஒரு விதி உண்டு: டிக்கெட் விற்பவர் ஒருவர், அதை வாங்கிக் கிழிப்பவர் இன்னொருவர். விதியை அனுப்பினார்களே தவிர இரண்டாவது ஆளை அனுப்பவில்லை. அதனால் ஜன்னலில் டிக்கெட்டை நீட்டிய அதே லாக்லன், துறைக்கு நடந்துபோய், படகுக்காரத் தொப்பியை மாட்டிக்கொண்டு, அதே ஆளிடம் முகத்தை முறுக்காக வைத்து "டிக்கெட் எங்கே?" என்று கேட்பான். எத்தனையோ வருஷமாக இதைச் செய்தும் அவனுக்கு அலுக்கவில்லை.

இன்றைக்கு மட்டும் முதல் டிக்கெட் யாருக்குப் போகுமோ என்று பயந்துகொண்டிருந்தான்.

டன்வரிக்கில் புது வருஷம் பிறந்ததும் வீட்டு வாசலை முதலில் தாண்டி வருகிறவன் உயரமாக, கறுத்த முடியோடு, கையில் ஒரு கரித்துண்டோடு வரவேண்டும். அப்படி வந்தால் அந்த வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு அணையாது. வந்தது செம்பட்டைத் தலை என்றால், அதுவும் பெண்ணாக இருந்துவிட்டால், அந்த வருஷத்தை அப்படியே கடலில் போட்டுவிடலாம். வீட்டுக்கு உள்ளது கோட்டைக்கும் உண்டு என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கோட்டைக்கு வருஷம் பிறப்பது ஏப்ரலில். முதல் டிக்கெட் கறுத்த முடிக்காரனுக்கு. அவன் கையில் ஒரு கரித்துண்டைக் கொடுத்து அனுப்ப வேண்டும். அதை அவன் கோட்டையின் பெரிய கூடத்து அடுப்பில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் வாசற்படியை மிதிக்கலாம். இதெல்லாம் அறக்கட்டளைக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கரித்துண்டுக்கும் விலை போட்டு டிக்கெட்டில் சேர்த்துவிடுவார்கள்.

போன வருஷம் முதலில் வந்தவன் நெடுநெடுவென்று உயரம், தலையில் கம்பளித் தொப்பி. குரல்கூடக் கறுத்த முடிக்காரன் குரலாகத்தான் இருந்தது என்று லாக்லன் இன்றும் சத்தியம் செய்வான். பெரிய கூடத்தில் கரியைப் போட்டுவிட்டு, படியேறி வந்ததில் வியர்க்கிறது என்று அந்த ஆள் தொப்பியைக் கழற்றினான். உள்ளே காரட் நிறம். அதற்கப்புறம் நடந்ததை ஊரே பார்த்தது. வடக்குக் கோபுரத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. படகு இன்ஜின் நடுக்கடலில் மூச்சை விட்டது. கோடை என்று ஒன்று வரவே இல்லை, மழைதான் வந்தது. கடைசியில் அறக்கட்டளையிலிருந்து நல்ல கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, இந்த வருஷமும் கூட்டம் இப்படியே இருந்தால் படகை நிறுத்திவிடுவதாகவும், கரையில் ஒரு தொலைநோக்கியை வைத்து அதற்குக் காசு வாங்கப் போவதாகவும், லாக்லன் விரும்பினால் அதற்குக் காவல் இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவன், அறுபது வயதில் ஒரு குழாய்க்குக் காவல்.

"இந்த வருஷம் எவன் வந்தாலும் மொதல்ல தொப்பியக் கழட்டச் சொல்லு" என்று பக்கத்து டீக்கடை ஜெஸ்ஸி-ஆன் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய கடையும் கோட்டைக்கு வருகிற கூட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. "மகாராசாவே வந்தாலும் சரி, மண்டையப் பாத்துட்டு அப்புறம் டிக்கெட்டக் குடு. போன வருஷம் மாதிரி அசடு வழிஞ்சுக்கிட்டு நிக்காத."

"சரி, சரி."

"என்ன சரி? ஒன்னய நம்பி நான் இருநூறு ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பெசஞ்சு வெச்சிருக்கேன்."

அவள் போன பிறகு பனி இன்னும் கெட்டியானது. இப்படிப்பட்ட பனியில் லாக்லனுக்கு விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்பது பல சமயம் பிடிபடுவதில்லை. பக்கத்தில் கேட்கிற சத்தம் தூரத்திலிருந்து வரும், தூரத்துச் சத்தம் காதுக்குள் வந்து உட்காரும். எங்கேயோ ஒரு கடல்நாய் பெருமூச்சு விட்டது. கோட்டை இருக்கவேண்டிய திசையில் ஒரு வெளிச்சம் மட்டும், யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவதுபோல, நகர்ந்து நகர்ந்து அணைந்தது. அது சூரியன்தான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

துறையில் மணி அடித்தது. படகு வேண்டும் என்கிறவர்கள் அடிக்கிற மணி அது. ஒரே ஒரு தடவை, மெல்ல, அடிக்கலாமா என்று கேட்டுவிட்டு அடித்தாற்போல.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து ஜன்னல்முன் நின்றாள். பச்சைக் கம்பளித் தொப்பியைக் காது மூடி, நெற்றி மூடி இழுத்துவிட்டிருந்தாள். முகத்தில் வயது இருந்தது. ஆனால் பனி அதையெல்லாம் நீர் விட்டுக் கரைத்துவிட்டிருந்தது. புருவம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. செம்பட்டைக்காரர்களுக்குச் சிறு வயதிலிருந்தே அப்படித்தான். லாக்லன் அவளைப் பார்த்துக் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. இவள் இப்படிப் பனிக்குள்ளிருந்து வருவது அவனுக்கு வழக்கமானதுதான். வருஷத்தில் நாலைந்து கனவிலாவது வருவாள்.

"வந்துட்டியா இஷ்பெல்" என்றான், கனவில் சொல்வதுபோலவே.

"வந்துட்டேன். ஒரு டிக்கெட் குடு."

கனவில் அவள் டிக்கெட் கேட்டதில்லை. அதன் பிறகுதான் லாக்லன் கோப்பையைக் கீழே வைத்தான். டீ சிந்தியது.

இஷ்பெல் டன்வரிக் பேக்கரிக்காரரின் மகள். அவளுடைய தலைமுடி அந்தக் கரையோரத்திலேயே எங்கும் இல்லாத சிவப்பு. வெயில் பட்டால் கண் கூசும். விடிவதற்கு முன் படகுகளுக்குச் சுடச்சுட ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கடலுக்குப் போகிறவன் செம்பட்டைக்காரி முகத்தில் விழித்தால் அன்றைக்குக் கடல் இல்லை. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும். அதனால் மீன்பிடிக்காரர்கள் பேக்கரிக்காரரிடம் சொல்லிவைத்தார்கள்: படகெல்லாம் போகும்வரைக்கும் பெண்ணை வெளியே விடாதே. அவர் விடவில்லை. புத்தாண்டு அன்றும் அப்படித்தான். மத்தியானம் வரைக்கும் வீட்டைவிட்டு வரவேண்டாம் என்று பக்கத்து வீடுகளில் அன்பாகவே சொல்வார்கள். கோட்டைக்குப் போகிற படகும் மீன்பிடிக்காரர்களுடைய படகாகவே இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசியில் வேண்டுமானால் ஏறிக்கொள் என்றார்கள். அவள் ஏறவில்லை.

லாக்லன் அப்பாவின் படகில் போய்க்கொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் படகு வந்தபிறகு இருவரும் கடற்கரையில் நடப்பார்கள். சாயங்காலத்தில் செம்பட்டையால் யாருக்கும் எதுவும் ஆகாது. கல்யாணம் என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது. ஒரு நாள் விடிகாலையில், எல்லோருமாகத் துறைக்கு இறங்கும்போது, சந்து முனையில் அவள் நின்றிருந்தாள். தலையில் துணி கட்டவில்லை. ஏதோ சொல்லத்தான் வந்திருந்தாள், வாயைத் திறந்தாள். லாக்லன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ இரவு நினைத்துப் பார்த்திருக்கிறான். கால் தானாகத் திரும்பியது. அப்பாவும் மாமாவும் திரும்பியதுபோலவே அவனும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வீட்டுக்குப் போய்விட்டான். அன்று மதியப் பஸ்ஸில் இஷ்பெல் ஊரைவிட்டுப் போனாள். லாக்லன் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால் கடலைச் சாக்குச் சொல்வான்.

அவள்தான் இப்போது ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"எங்க இருந்தே இவ்வளவு நாளா?"

"ஷெட்லண்டுத் தீவுக்குப் போற கப்பல்ல. சமையல்காரி. போன மாசம் வேலைய விட்டேன்." பர்ஸைத் திறந்தாள். "கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கப்பல்லயே கெடந்தேன் லாக்லன். ஒரு கப்பலும் மூழ்கல. மூழ்கும் மூழ்கும்னு நானும் பாத்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் பயமாகவும் இருந்தது.

"ஆர்க்னித் தீவுல அக்கா ஒரு வீடு பாத்து வெச்சிருக்கா. மதியப் பஸ்ஸுல போறேன், இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன். இந்த ஊர்ல பொறந்து இந்தக் கோட்டைய உள்ள போய்ப் பாத்ததில்ல. பாத்துட்டுப் போலாம்னு."

"தாராளமாப் பாரு. யார் வேணாம்னா? கொஞ்சம் உக்காரு, இன்னும் யாராவது வரட்டும்—"

"இல்ல. மொதல் டிக்கெட் வேணும்."

லாக்லன் டிக்கெட் சுருளைப் பார்த்தான். முதல் டிக்கெட் நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கியது.

"எனக்கு முன்னால யாராவது போகட்டும்னு சின்ன வயசுலேர்ந்து காத்திருந்து காத்திருந்து சலிச்சுப்போச்சு" என்றாள் இஷ்பெல். குரலை உயர்த்தவில்லை. "ஒரே ஒரு தடவ நான் மொதல்ல போறேன். அது ஒன் கையால நடக்கணும். முடியாதுன்னா சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன், பஸ்ஸுக்குப் போயிடுவேன்."

"தொப்பிய..." என்று ஆரம்பித்தான். ஜெஸ்ஸி-ஆன் சொல்லிக்கொடுத்த பாடம் தானாக வாயில் வந்துவிட்டது.

"கழட்ட மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியும். புதுசாப் பாத்து என்ன ஆகப் போவுது?"

இதற்குள் கரித்துண்டு வைத்த தகரப்பெட்டியோடு ஜெஸ்ஸி-ஆன் வந்துவிட்டாள். மணிச் சத்தம் கேட்டு, கறுத்த முடிக்காரன்தான் வந்துவிட்டான் என்று ஏப்ரனைக்கூட மாற்றியிருந்தாள். பச்சைத் தொப்பியின் கீழே இருந்த முகத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள். பார்த்ததும் தாவிப்போய்க் கூண்டின் கதவுக் கொண்டியைப் பிடித்துக்கொண்டாள். தீட்டுக்கு இரும்பைத் தொட வேண்டும் என்பது அந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"பேக்கரிக்காரர் பொண்ணு!"

"நல்லாத் தொடு ஜெஸ்ஸி-ஆன்" என்றாள் இஷ்பெல். "நான் ஊரவிட்டுப் போறதுக்குள்ள பாதி ஊர்க் கதவுல கொண்டி தேஞ்சுபோச்சு. இது ஒண்ணு பாக்கி."

"ஒம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லடி பொண்ணே. நல்ல பொண்ணுதான் நீ. ஆனா இன்னிக்கு வரணுமா? நாளைக்கு வரக்கூடாதா? நாளைக்கு வந்தா ஒனக்கு டீயும் ஸ்கோனும் ஓசி."

"முட்டாளாக்குற நாளாச்சே, இன்னிக்கே வந்தேன்."

"லாக்லன், நான் சொல்லிட்டேன்" என்று ஜெஸ்ஸி-ஆன் அவன் பக்கம் திரும்பினாள். "அவ உக்காரட்டும். பத்து மணி பஸ்ஸுல யாராவது வருவான். அவனுக்கப்புறம் இவளுக்கு ரெண்டாவது டிக்கெட்டு. ரெண்டாவதுன்னா என்ன, கோட்டையில பாதிய மறைச்சா காட்டப் போறாங்க?"

லாக்லன் தொங்கிய முதல் டிக்கெட்டைச் சுருளோடு சுற்றிவைத்தான். அதுவும் ஒரு பதில்தான் என்பதை இஷ்பெல் புரிந்துகொண்டாள். துறை ஓரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பனி அவளைச் சுற்றி வந்து உட்கார்ந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தபோது லாக்லனுக்கு அவள் ஒரு நேரம் இருபது வயதாகத் தெரிந்தாள், ஒரு நேரம் யாருமே அங்கே இல்லாததுபோல இருந்தது. பெஞ்சும் துறையும் அவளுமாகச் சேர்ந்து கரையைவிட்டு மெல்ல மிதந்து போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. எட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. தொலைநோக்கியையும் நினைத்துக்கொண்டான். தனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, ஜெஸ்ஸி-ஆன் கடையும் இருக்கிறது. கோட்டையும் இருக்கிறது. ஆள் போகாத கோட்டை சீக்கிரம் செத்துப்போகும்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வந்தது, பிறகு அதற்குள் இருந்த ஆள் வந்தார், அவருக்குப் பின்னால் அவர் மனைவி. நல்ல உயரம். ஜெஸ்ஸி-ஆன் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், வாங்க! கொஞ்சம் தொப்பியக் கழட்டுங்களேன்."

அவர் குழப்பத்தோடு கழற்றினார். வழுக்கை. பனித்துளி படிந்து பளபளத்தது.

"முடி இருந்தப்போ என்ன நிறம்?"

"எதுக்குங்க?"

"சும்மா சொல்லுங்க. காப்பீட்டுக்கு."

"அவர் தலை செம்மஞ்சள்" என்றார் மனைவி பெருமையாக. "கல்யாண போட்டோவுல எரியற மாதிரி இருக்கும்."

ஜெஸ்ஸி-ஆன் மறுபடி கொண்டியைப் பிடித்தாள். பிறகு இருவரையும் தோளைப் பிடித்துத் திருப்பி, பனி விலகும்வரை டீ குடிக்கலாம் என்று தன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். லாக்லன் அந்த வேடிக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பெஞ்சின் பக்கம் பார்த்தான். பெஞ்சில் இஷ்பெல் இல்லை.

போய்விட்டாள் என்று நினைத்து எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோதுதான் பார்த்தான். கூண்டின் பின்பக்கம், கடலைப் பார்த்த சுவரோரத்தில், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். துறைக்கு ஆள் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து வந்து ஒளிந்திருக்கிறாள். வருகிறவர்கள் அவள் முகத்தில் விழித்துவிடக் கூடாது என்று.

"இங்க ஏன் நிக்கிற?"

அவளே அப்போதுதான் தன்னைக் கவனித்தவள்போலச் சுற்றிப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"தெரியல. காலடிச் சத்தம் கேட்டுது, கால் தானா வந்துடுச்சு. கப்பல்ல இப்படி இருந்ததே இல்ல லாக்லன். இந்தத் துறைக்கு வந்ததும்தான்..." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அறுபது வயசாவப் போவுது எனக்கு. பாரேன்."

லாக்லனுடைய கால் தானாகத் திரும்பியது ஒரு தடவை. இவளுடைய கால் தானாக ஒதுங்கியது ஆயுசு முழுக்க. ஊரே சேர்ந்து பழக்கிய கால். அந்த ஊரில் அவனும் ஒருவன், எல்லோரையும்விட அதிகமாக அவன்தான்.

கூண்டுக்குள் போனான். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கல் விழுவதும் இன்ஜின் நிற்பதும் மழையும் நல்ல கோட்டுக்காரரும் வரிசையாகக் கண்முன் வந்து போனார்கள். பயந்துகொண்டேதான் சுருளிலிருந்து முதல் டிக்கெட்டைக் கிழித்தான். கூண்டுக்குள் இருந்த சின்ன அடுப்போரத்து வாளியிலிருந்து நல்ல கரித்துண்டாக ஒன்றைப் பொறுக்கிக் கைக்குட்டையில் துடைத்தான். கரியைத் துடைப்பவனை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"ஜன்னலுக்கு வா" என்றான். "டிக்கெட்ட ஜன்னல்லதான் குடுக்கணும். விதி."

அவள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். பணத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டு டிக்கெட்டை அவள் உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் கரித்துண்டை வைத்தான். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

பனியில் இன்ஜின் போடக்கூடாது. கண் வேலை செய்யாதபோது காதுதான் படகு ஓட்ட வேண்டும். லாக்லன் துடுப்பை எடுத்துக்கொண்டான். இஷ்பெல் முன்பக்கத்தில், போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். கரை இரண்டு துடுப்பு வலிப்பதற்குள் காணாமல் போனது. கடல் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. துடுப்பு எதையோ தொட்டது, எதுவோ சொட்டியது, அவ்வளவுதான். மேலும் கீழும் ஒரே வெள்ளை. ஒரு கடல்நாய் பக்கத்தில் தலையை நீட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது நம் விஷயமில்லை என்று உள்ளே போய்விட்டது. இப்படியே வலித்துக்கொண்டு போனால் எந்த வருஷத்தில் வேண்டுமானாலும் போய்க் கரை சேரலாம் என்று லாக்லனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் பின்னால் மணி அடித்தது. ஒரு தடவை இல்லை, ஊர் பற்றியெரிவதுபோல விடாமல் அடித்தது. கூடவே ஜெஸ்ஸி-ஆன் குரல்.

"லாக்லன்! திரும்பி வாடா! ஆள் கெடச்சாச்சு! இத்தாலிக்காரன்! மை மாதிரிக் கறுப்புடா! மீசைகூட இருக்கு! இன்னும் நேரமிருக்கு, திரும்பி வா!"

துடுப்பு ஒரு கணம் நின்றது. இஷ்பெல் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள் மட்டும் இறுகியது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் சந்து முனையில் நின்றபோதும் இப்படித்தான் இறுகியிருக்கும். அதை அவன் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"கூப்பிடறாங்களே" என்றாள்.

"கூப்பிடட்டும்."

"இத்தாலிக்காரனாம். மீசையெல்லாம் இருக்காம்."

"அடுத்த ட்ரிப்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டு லாக்லன் துடுப்பை அழுத்தி வலித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வலிப்பிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து, கடைசியில் யாரோ எங்கோ வேறு யாரையோ கூப்பிடுவதுபோல ஆகிவிட்டது.

அப்போது இஷ்பெல் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கரித்துண்டை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றினாள்.

முடி வெள்ளை. ஒரு இழைகூட மிச்சமில்லாமல், சுற்றியிருந்த பனிக்கும் அதற்கும் எங்கே பிரிவு என்று தெரியாத அளவுக்கு வெள்ளை. லாக்லன் துடுப்பை விட்டுவிட்டான். படகு தன்பாட்டுக்கு மிதந்தது.

"எப்போ?" என்றான்.

"நாப்பது வயசுலயே. எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்."

"அட மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? தொப்பிய ஒரு நிமிஷம் கழட்டியிருந்தா ஜெஸ்ஸி-ஆன்கூட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாளே. நான் இங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு..."

"கழட்டியிருந்தா, ஒரு வெள்ளத் தலைக்காரிக்கு டிக்கெட் குடுத்திருப்பே" என்றாள் இஷ்பெல். "எனக்குக் குடுத்திருக்க மாட்டே."

லாக்லன் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. அந்தச் சிவப்பை நினைத்துத்தான் இத்தனை வருஷமும் பயந்தான், அதை நினைத்துத்தான் ஏங்கினான். எங்கேயோ ஒரு ஊரில் அது அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான். யாருமே சொல்லாமல் அது போய்விட்டிருக்கிறது. கண்ணில் நீர் வந்ததை அவன் துடைக்கவில்லை, பனியில் யாருக்கு என்ன தெரியப் போகிறது.

"இன்னொரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு" என்றான்.

"அன்னிக்குக் காலையில சந்து முனைக்குக் காட்டலாம்னுதான் வந்தேன்" என்றாள் அவள். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

படகின் மூக்கு கல்லில் இடித்தது. தலைக்குமேலே, பனிக்குள், எங்கேயும் அடித்தளம் இல்லாமல், டன்வரிக் கோட்டையின் ஒரு ஜன்னலும் கொஞ்சம் மதிலும் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. லாக்லன் இறங்கிக் கயிற்றைக் கட்டினான். இஷ்பெல் இறங்கிப் படி ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவன் முன்னால் போகட்டும் என்று வழிவிட்டு நின்றவள், அதைத் தானே உணர்ந்து, படியின் நடுவுக்கு வந்து நின்றாள்.

"டிக்கெட் கேக்கலியே நீ?" என்றாள். "விதியாச்சே."

அவன் படகுக்காரத் தொப்பியைத் தேடினான். கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். வெறுந்தலையோடு கையை நீட்டி, முகத்தை முறுக்காக வைத்துக்கொள்ளப் பார்த்தான், முகம் கேட்கவில்லை. அவள் கொடுத்த டிக்கெட்டை முன்னும் பின்னும் பார்த்தான். அதில் கரித்துண்டின் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. கிழிக்காமல் திருப்பிக் கொடுத்தான். அவள் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்து, பித்தானைப் போட்டுக்கொண்டாள்.

"போ" என்றான். "மேல நேரா போனா பெரிய கூடம். வலது பக்கம் அடுப்பு."

அவள் ஏறினாள். வெள்ளைத் தலை பனிக்குள் போய் மறைந்தது. காலடிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் படியேறிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் கதவுக்குள் போய்விட்டது. லாக்லன் கீழே நின்றான். முதல் ஆள் கரியைப் போடும்வரைக்கும் வேறு யாரும் வாசற்படியை மிதிக்கக் கூடாது. தூரத்தில் ஜெஸ்ஸி-ஆன் மணியடிப்பதை நிறுத்தியிருந்தாள். மதியப் பஸ்ஸைப் பற்றி நினைத்தான், இருந்துவிடு என்று அவளைக் கேட்காமல் விட்டதும் நல்லதுதான் என்று நினைத்தான். ஈரம் சட்டைக்குள் இறங்கியது. ஒருவர் முன்னால் போகட்டும் என்று வெளியே காத்து நிற்பது இப்படித்தான் இருக்கும்போல என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவனுக்குத் தெரிந்தது. அது நீளமாக இருந்தது.

மேலே, பனியில் மிதந்த அந்த ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது.

"லாக்லன்! போட்டாச்சு. இப்ப நீ உள்ள வரலாம்."